பூ இல்லாமல் மரம் அறிதல்

நுழையும்முன்

நாம் வாழும் தீவுகளில் பூக்கும் தாவரங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் நமக்குப் பெயர் தெரிந்தவை எத்தனை? பெயர் தெரியாத மரம் ஒன்றை இனங்காணப் பழந்தமிழர் கொண்ட வழியையும், நூலறிஞர் கண்ட வழியையும், கணினி காட்டும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

வீட்டு முற்றத்தில் நிற்கும் முருங்கையையோ தெருவோரத்து வேம்பையோ அடையாளம் காண நமக்கு எவர் துணையும் வேண்டியதில்லை. போர்ட் பிளேர் என முன்பு வழங்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தெற்கே சிடியா டாப்பு செல்லும் சாலையில் காடு அடர்ந்தவுடன் அந்தத் துணிவு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. அடிமரம் தூண்போல் கிளையின்றி நெடுந்தொலைவு உயர்கிறது. இலையும் பூவும் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காலடியில் கிடக்கும் சருகு அம்மரத்தினதா, அதைத் தழுவி ஏறிய கொடியினதா, பக்கத்து மரத்தினதா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல இயலாது.

தாவரவியலின் நூன்முறையோ பூவை நம்பி எழுந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் சூல்முடியின் எண்ணிக்கையையும் கொண்டே தாவரங்களை வகுத்தார். கையெட்டும் உயரத்தில் பூக்கும் செடிகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். மழைக்காட்டு மரமோ ஆண்டில் சில நாள்களே பூக்கும். சில மரங்கள் எல்லா ஆண்டும் பூப்பதில்லை. ஆகவே இங்கு மரத்தை அறிய விரும்புவோர் இலை, பட்டை, வேர், பால், பிசின் ஆகியவற்றையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

பெயரில் உள்ள சிக்கலையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தமானின் மாநில மரமான படாக், பர்மிய மொழிப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பியின்மா என்பதும் பர்மியப் பெயரே. கர்ஜன், தூப், பபீதா என்பன வட இந்திய மொழிகளின் வழியே வந்து மரக்கடைகளில் நிலைத்தவை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்க்குப் படாக் அயலான மரமாகத் தோன்றலாம். ஆனால், குறிஞ்சி நிலத்துப் புலவர்கள் பாடிய வேங்கையும், ஆந்திர மலைகளின் செஞ்சந்தனமும், இந்தப் படாக்கும் டெரோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அச்சொல்லுக்குச் ‘சிறகுடைய கனி’ என்பது பொருள். தட்டையான வட்டக் கனியின் விளிம்பு சிறகுபோல் விரிந்திருப்பதை மூன்றிலும் காணலாம். பெயர் மறைத்த உறவை உறுப்பு காட்டிக் கொடுக்கிறது.

உறுப்பைக் கொண்டு இனம் பிரிக்கும் இவ்வழி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னை, பனை, கமுகு, மூங்கில் ஆகியவை எவ்வளவு உயர்ந்து நின்றாலும் தொல்காப்பியர் கணக்கில் புல்லே. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்களில் வைத்து, புற்களோடு நெருக்கமாகவே எண்ணுகிறது. அவர் அத்துடன் நிற்கவில்லை. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு போன்ற உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை, அரும்பு போன்றவற்றை மரத்துக்கும் வகுத்துத் தருகிறார். ‘தென்னை இலை’ என்று எழுதும் மாணவரைத் தமிழாசிரியர் திருத்துவதன் காரணம் இதுவே.

இதற்கு மாறான ஒரு நிலையையும் நம் இலக்கியத்தில் காண்கிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகிறார். அவற்றுள் சில இன்று எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. சில பூக்களின் அடையாளம் தெளிவாகக் கிடைக்கவில்லை. மழைக்காட்டில் நம் நிலை நேர் எதிரானது: அடையாளம் கண்முன் நிற்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை.

அச்சுத் திறவுகோல்

அடையாளத்திலிருந்து பெயருக்குச் செல்ல அறிஞர்கள் அமைத்த கருவிக்குத் திறவுகோல் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1778ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இதைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்றுகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். அந்தமானுக்கு பார்க்கின்சன் என்பார் எழுதிய காட்டுத் தாவர நூல் 1923இல் வெளிவந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மண்டல மையம் 1972ஆம் ஆண்டு நம் நகரில் நிறுவப்பட்டது; அங்கே உலர்த்தி ஒட்டப்பட்ட தாவரத் தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன.

அச்சுத் திறவுகோலின் குறை என்ன? அது கேட்கும் வரிசையில்தான் நாம் விடை கூற வேண்டும். ‘கனியில் சிறகு உண்டா?’ என்பது முதல் வினாவாக இருந்து, கனி இல்லாத காலத்தில் நாம் காட்டுக்குச் சென்றிருந்தால், முதல் படியிலேயே வழி அடைபட்டுவிடும். இடையில் ஒரு வினாவுக்குத் தவறான விடை தந்தாலோ, பிழையான கிளையில் இறங்கி, இல்லாத மரத்தின் பெயரோடு திரும்ப நேரிடும்.

புதுச்சேரியில் பிறந்த கருவி

1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்ச் சுவடிகளைக் காப்பதோடு காடுகளையும் ஆராய்ந்து வருகிறது. அங்குப் பணியாற்றிய பாஸ்கல், பி. ஆர். இரமேஷ் ஆகிய இருவரும் மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் உள்ள மரங்களுக்கும் கொடிகளுக்கும் களத் திறவுகோல் ஒன்றை 1987ஆம் ஆண்டு வெளியிட்டனர். பூவை எதிர்பார்க்காமல் இலை, பட்டை, பால் போன்றவற்றைக் கொண்டே இனங்காண வழிசெய்தது அந்நூல்.

அடுத்த படியாகக் கணினி வந்தது. பிரான்சின் சிராட் நிறுவனத்தைச் சேர்ந்த பியர் கிரார், ‘இடாவோ’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். புதுச்சேரி நிறுவனமும் சிராட்டும் இணைந்து, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் அலையாத்தித் தாவரங்களை இனங்காண ஒரு குறுந்தகட்டை 2005இலும், மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கு ‘பயோட்டிக்’ என்னும் குறுந்தகட்டை அதன் பின்னரும் வெளியிட்டன. லாவோஸ் நாட்டுக் காட்டு மரங்களுக்கும் இத்தகைய கருவி அதே திட்டத்தில் உருவாயிற்று.

இக்கருவியின் திரையில் வினாப் பட்டியல் இராது, படங்கள் இருக்கும். காவல்துறையினர் குற்றவாளியின் முகத்தைக் கண்டவர் சொல்லச் சொல்ல வரைவதுபோல, நாம் கண்ட மரத்தின் உருவத்தை உறுப்பு உறுப்பாக அமைக்க வேண்டும். இலைப் பகுதியைத் தொட்டால் பல வடிவ இலைகள் தோன்றும். கையிலுள்ளதை ஒத்ததைத் தேர்ந்தால் போதும். கலைச்சொல் தெரியாதவரும் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. எந்த உறுப்பிலிருந்தும் தொடங்கலாம், தெரியாததை விட்டுவிடலாம். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் எந்த இனம் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒத்துப்போகிறது என்பதைக் கணினி கணக்கிட்டு வரிசைப்படுத்தும்.

இக்கணக்கை நாமே செய்து பார்ப்போம். நம் தீவுகளில் உள்ள ஐந்து மரங்களை எடுத்துக்கொள்வோம். படாக்கின் இலை கூட்டிலை, மாற்றடுக்கில் அமைவது. கர்ஜன், தில்லை ஆகியவற்றின் இலைகள் தனியிலைகள். அவையும் மாற்றடுக்கில் அமைபவை. புன்னை, சுரபுன்னை ஆகியவற்றின் இலைகள் தனியிலைகள், எதிரடுக்கில் அமைபவை. பக்க நரம்புகள் நூலிழைபோல் மிக நெருங்கி ஓடுவது புன்னையில் மட்டுமே. முட்டு வேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை மட்டுமே. இலை நுனி புன்னையில் மழுங்கியிருக்கும். மற்ற நான்கிலும் கூராக இருக்கும்.

கடற்கரையில் ஒரு சிறு கொம்பு நமக்குக் கிடைக்கிறது. அது புன்னைக் கொம்பு. ஆனால் நமக்குத் தெரியாது. ஒரு பக்கத்து இலைகள் உதிர்ந்துவிட்டதால், எதிரடுக்கை மாற்றடுக்கு என்று தவறாக எண்ணிவிட்டோம். தனியிலை, மாற்றடுக்கு, நெருங்கிய நரம்பு, முட்டு வேர் இல்லாமை என்னும் நான்கையும் குறிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் சம மதிப்புத் தந்தால், புன்னை நான்கில் மூன்று பொருந்தி 75 விழுக்காடு பெறும். தில்லையும் கர்ஜனும் நரம்பில் மட்டும் பொருந்தாமல் அதே 75 விழுக்காடு பெறும். மூன்றும் சமநிலையில் நிற்கின்றன. இப்போது ஐந்தாவதாக ‘இலை நுனி மழுங்கியது’ என்று சேர்க்கிறோம். புன்னை ஐந்தில் நான்கு பெற்று 80 விழுக்காட்டுக்கு உயர்கிறது. தில்லையும் கர்ஜனும் 60 விழுக்காட்டுக்கு இறங்குகின்றன. நாம் தவறு செய்தும் சரியான மரம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அச்சுத் திறவுகோலில் இலையடுக்கு முதல் வினாவாக இருந்திருந்தால், புன்னை அந்தக் கணமே நம் கையைவிட்டு நழுவியிருக்கும்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள்

இன்று பலர் கையில் வைத்திருப்பது வேறு வகைக் கருவி. பிரான்சில் உருவான ‘பிளான்ட்நெட்’ செயலி 2013ஆம் ஆண்டு முதல் கைப்பேசியில் கிடைக்கிறது. கலிபோர்னியாவில் 2008இல் தொடங்கிய ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளமும் படத்தைக் கொண்டு பெயரைப் பரிந்துரைக்கிறது. அதே 2008இல் தொடங்கப்பட்ட இந்தியப் பல்லுயிர் வலைவாசலில், மக்கள் தாம் எடுத்த படங்களை இடலாம். அறிந்தவர்கள் பெயர் கூறுவர். இவற்றின் எளிமையை மறுக்க இயலாது. படம் எடுத்த சில நொடிகளில் பெயர் தோன்றுகிறது.

எனினும் இவ்விரு வகைக் கருவிகளும் ஒன்றல்ல. பயோட்டிக் போன்ற கருவி நம்மை உற்றுநோக்கச் செய்கிறது. எதனால் இம்முடிவு வந்தது என்பதையும் காட்டுகிறது. படச் செயலியோ விடையைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. கற்கும் மாணவருக்கு முன்னதே ஏற்றது என்பது இப்பாட ஆசிரியரின் கருத்து. மேலும், படச் செயலி தனக்குக் காட்டப்பட்ட படங்களிலிருந்தே கற்கிறது. உலகெங்கும் நடப்படும் செம்பருத்திக்கு எண்ணற்ற படங்கள் உண்டு. அந்தமானில் மட்டும் வளரும் மரத்துக்கு எத்தனை பேர் படம் எடுத்திருப்பர்? படம் குறைந்த இனத்தைக் கண்டால், செயலி அதனை ஒத்த வேறோர் இனத்தின் பெயரைச் சொல்லிவிடக்கூடும்.

சிறிய அந்தமான் தீவின் கிருஷ்ணா நாலா பகுதிக் காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் அறிவியலாளர் லால்ஜி சிங் ஒரு காட்டு வாழையைக் கண்டார். அதன் உறுப்புகளை அளந்து, அறியப்பட்ட வாழை இனங்களோடு ஒப்பிட்டு, அது அறிவியலுக்கே புதியது என நிறுவி, ‘மூசா இந்தந்தமானென்சிஸ்’ எனப் பெயரிட்டு 2014இல் வெளியிட்டார். அந்த வாழையைப் படமெடுத்து அன்று எந்தச் செயலியிடம் கேட்டிருந்தாலும் சரியான பெயர் கிடைத்திருக்காது. அப்பெயர் அதுவரை பிறக்கவே இல்லை. ‘இது எதனோடும் ஒத்துவரவில்லை’ என்று துணிந்து சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

இணையத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னைக்கும் நம் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தோம். இன்றும் நகரை விட்டு நீங்கிக் காட்டுக்குள் சென்றால் பல இடங்களில் கைப்பேசிக்கு இணைப்பு இராது. குறுந்தகட்டைப் பழைய பொருள் என்று நகைப்போர், அது இணைப்பே இல்லாமல் இயங்கியது என்பதை எண்ண வேண்டும்.

பெயர் அறிவது எதற்கு?

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் நிகோபார் தீவுகளில் நிலம் தாழ்ந்தது. வட அந்தமானில் கரை உயர்ந்தது. தாழ்ந்த இடத்தில் அலையாத்திக் காடுகள் கடல்நீரில் நிலையாக மூழ்கி மடிந்தன. உயர்ந்த இடத்தில் ஓதநீர் எட்டாமல் காய்ந்து மடிந்தன. அங்கே முன்பு எவை நின்றன, இப்போது எவை திரும்பி முளைக்கின்றன என்று அறிய வேண்டுமானால், முன்பே பெயர் எழுதி வைத்த குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பு இல்லாத கரையில் இழப்பைக்கூடக் கணக்கிட இயலாது.

உடலுக்கு நேரும் தீங்கும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம், கபிலரின் தொண்ணூற்றொன்பதில் இடம்பெற்ற மரம், நம் கழிமுகங்களிலும் நிற்கிறது. அதன் வெண்ணிறப் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாக மங்கிப் போகும். சேங்கொட்டையின் உறவான ஒரு மரமும் அந்தமான் காடுகளில் வளர்கிறது. அதன் சாறு பட்ட இடம் புண்ணாகும். ‘பால் உண்டா, இல்லையா’ என்பது இனங்காண உதவும் நல்ல கூறுதான். ஆனால் அதனை அறிய, பெயர் தெரியாத மரத்தின் இலையை மாணவர் எவரும் கிள்ளிப் பார்க்கக் கூடாது. அவ்விடத்தைத் ‘தெரியாது’ என விட்டுவிடும் உரிமையைத்தான் கணினி நமக்குத் தந்திருக்கிறதே!

சொல்லும் பொருளும்

காழ் – வைரம், மரத்தின் உறுதியான பகுதி
சினை – கிளை
ஈர்க்கு – ஓலையின் நடுநரம்பு
கமுகு – பாக்கு மரம்
கூட்டிலை – ஒரே காம்பில் பல சிற்றிலைகள் அமைந்த இலை
மாற்றடுக்கு – ஒரு கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி அமைவது
எதிரடுக்கு – ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே அமைவது
ஓதம் – கடல்நீரின் ஏற்றம்

பயிற்சி

1. தென்னையைத் தொல்காப்பியர் ஏன் மரம் எனக் கொள்ளவில்லை?

2. பாடத்தில் கூறிய ஐந்து கூறுகளின்படி படாக், சுரபுன்னை ஆகிய இரண்டும் எத்தனை விழுக்காடு பெறும்? கணக்கிட்டு எழுதுக. (படாக் இலையின் நரம்புகள் நூலிழைபோல் நெருங்கியவை அல்ல என்பதை நினைவிற்கொள்க.)

3. ‘பெயர் மறைத்த உறவை உறுப்பு காட்டிக் கொடுக்கிறது’ – இத்தொடரை வேங்கை, படாக் ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.

4. படச் செயலியைவிடப் பயோட்டிக் போன்ற கருவியே கற்போருக்கு ஏற்றது என்னும் ஆசிரியரின் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? மறுப்பதாயின் காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

5. பிரித்து எழுதுக: கடற்கரை, சிற்றிலை, வெண்ணிறம், தொண்ணூற்றொன்பது.

6. செயல்பாடு: பள்ளி வளாகத்தில் தானாக உதிர்ந்து கிடக்கும் இலைகள் ஐந்தைத் திரட்டுக, மரத்திலிருந்து பறித்தல் வேண்டா. ஒவ்வொன்றின் விளிம்பு, நுனி, நரம்பமைவு, காம்பு ஆகியவற்றை உற்றுநோக்கித் தமிழில் நான்கு வரி வருணனை எழுதுக. மரத்தின் பெயரை எழுதாதீர். வருணனையை அடுத்த வரிசை மாணவரிடம் தந்து, அவர் அம்மரத்தைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க. கண்டுபிடிக்க இயலாவிடின், எந்தச் சொல் போதவில்லை என்பதை இருவரும் கலந்து பேசித் திருத்துக. வீட்டில் பாட்டி, தாத்தா ஆகியோர் அம்மரத்துக்கு வழங்கும் பெயரையும், தெலுங்கு, வங்காளம், இந்தி, நிகோபாரி பேசும் தோழர்கள் வழங்கும் பெயரையும் கேட்டுத் தமிழ் எழுத்தில் குறிக்க.